எந்தக் கருவாடு மன்னார்க் கருவாடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டங்களின் பாரம்பரியமும் வருமானமும் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில் மன்னாருக்கு ஒரே ஒரு பந்திதான் கிடைத்திருந்தது. மடுத் திருவிழா, திருக்கேதீச்சரம், பெருக்கமரம், காற்றாலை, அவ்வளவுதான். நான் மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள், முப்பது வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். அந்தப் பந்தியில் கருவாட்டுக்கு ஒரு வரி கூட இல்லையே என்று மனம் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே ஒரு கடையில் "மன்னார்க் கட்டா மீன் கருவாடு, அக்கா, இன்றைக்குத்தான் வந்தது" என்று எடுத்துத் தந்தார்கள். மேலெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. விரலால் அமர்த்தினால் குழி விழுந்தது. மணந்து பார்த்தால் வெயில் பட்ட வாசமே இல்லை. "இது மன்னார் இல்லையே தம்பி" என்றேன். "மன்னார் என்று சொன்னால்தான் அக்கா ஆட்கள் வாங்குகிறார்கள்" என்று அந்தப் பிள்ளை மறைக்காமல் சொல்லிவிட்டார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். மூட்டையில் எந்த ஊர் என்று எழுதியிருந்தால்தானே அவருக்கும் தெரியும்.

எங்கள் பெரியம்மா கட்டாக் கருவாடு போடுவதை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, பூவையும் (செவுளையும்) குடலையும் எடுத்து, கடல் தண்ணீரில் இரத்தம் போகக் கழுவுவார். சதை தடித்த இடத்தில் இரண்டு கீறல் போட்டு, அதற்குள் உப்பை விரலால் தள்ளி அடைப்பார். ஒரு இரவு உப்பில் கிடக்கும். விடிய எடுத்து மறுபடியும் கழுவித்தான் வெயிலில் விரிப்பார். அந்தக் கடைசிக் கழுவலை விட்டால்தான் உப்புப் பூக்கும். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் அள்ளி மூட வேண்டும், அப்புறம் காலையில் திரும்பவும் விரிக்க வேண்டும். நாய்க்கும் காகத்துக்கும் காவல் இருப்பது சின்னப் பிள்ளைகளான எங்கள் வேலை. சோளகக் காற்று வீசும் நாட்களில் நன்றாகக் காயும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பெரியம்மாவின் முகமும் இருட்டிவிடும்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததை வந்து ஏற்றிப்போகும் வியாபாரி சொல்வதுதான் விலை. அன்றும் அப்படித்தான். போன சித்திரைக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன், எங்கள் சொந்தத்துக்குள் இன்றும் அப்படித்தான். கொழும்பில் "மன்னார்" என்ற சொல்லுக்காகக் கூடக் கொடுக்கும் காசு கரையில் கருவாடு போடும் அந்த வாடிக்குப் போய்ச் சேர்வதில்லை.

அந்தப் பெயர் நேற்று வந்த பெயரும் இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் தேவாரத்தில் பாடிய மாதோட்டம், திருக்கேதீச்சரம் இருக்கும் அந்த இடம், கப்பல்கள் வந்து போன துறை. தெற்கே அரிப்புக் கரையில் முத்துக் குளிப்பு நடந்தது. ஆங்கிலேய ஆளுநர் நோர்த் அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு மாளிகை கட்டினார். அந்த மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. முத்து உலகமெல்லாம் போனது, மூச்சை அடக்கிக் குளித்தவர்களின் கரையில் என்ன மிஞ்சியது? கருவாட்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

வழி இல்லாமல் இல்லை. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு நாட்டுப் பட்டையை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. அதே மாதிரி மன்னார்க் கருவாட்டுக்கும் உள்நாட்டிலாவது ஒரு குறியீடு வேண்டும். எந்தக் கரையில் பிடித்தது, எப்படிக் காயவைத்தது என்று கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே பார்த்து முத்திரை குத்தலாம். அந்தச் சங்கங்களின் கூட்டத்தில் கருவாடு போடும் பெண்களுக்கும் கதிரை இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை அவர்களுடையது.

மீன் இருந்தால்தானே கருவாடு என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை 2017இல் இங்கே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அப்படியிருந்தும் அக்கரை இந்திய ரோலர்கள் (இழுவைப் படகுகள்) வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அதைப் பற்றி உங்கள் பத்திரிகை நிறையவே எழுதியிருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் செய்தியாளர் ஒருவரைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றி அனுப்புங்கள். திருவிழாக் காலத்தில் வேண்டாம், சாதாரண நாளில் போகட்டும். பேசாலையில் இறங்கி இரண்டு நாள் தங்கி, ஒரு கிலோ கட்டாவுக்குக் கரையில் என்ன கொடுக்கிறார்கள், கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் என்ன விலை வாங்குகிறார்கள் என்று இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பேசாலை மகள் ஒருத்தி,
கொழும்பு 13.