மூடிவைத்த நாட்டோ டப்பா

பாப்பா,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புளிக்கவைத்த சோயா பீன்ஸான அந்த நாட்டோ டப்பாவைத் திறந்தாயாம், முகர்ந்தாயாம், அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் பின்னால் தள்ளிவிட்டு ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டாயாம். அதுவும் ஜப்பானில், ட்சுகுபாவில் இருந்துகொண்டு! நாட்டோவுக்குப் பேர்போன மிட்டோ ஊரும் நீ இருக்கிற அதே இபராக்கி மாகாணம்தானே? மணப்பாறைப் பக்கம் குடியிருந்துகொண்டு முறுக்கு வேண்டாம் என்கிற கதைதான்.

நான் சிரிக்கவில்லை. எத்தியோப்பியாவில் நான் இதைவிட மோசமாக நடந்துகொண்டிருக்கிறேன். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

2006-ல் பஹிர் தாருக்கு வாத்தியார் வேலைக்குப் போனேனே, அப்போது நீ இரண்டாம் வகுப்பு. நான் போய்ச் சேர்ந்த வாரமே வீட்டுக்கார அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு பெரிய வட்டத் தட்டில் தோசை மாதிரியான இஞ்சிராவை விரித்து, அதன்மேலேயே குழம்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. மைசூர்ப் பருப்புக் குழம்பு, கொண்டைக்கடலை மாவில் செய்த ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ். சாப்பிடும் முன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கைக்கு ஊற்றினார்கள். வலது கையால்தான் சாப்பாடு. சரி, நம்ம வீடுதான் என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

இஞ்சிராவில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. ஆறிப்போன தோசையை விருந்தாளிக்கு வைப்பார்களா என்று உள்ளுக்குள் கோபம். வாயில் போட்டால் அப்படி ஒரு புளிப்பு. நம்ம வீட்டில் மாவு அந்த அளவுக்குப் புளித்தால் அம்மா கொட்டிவிடுவாள். எப்படி முழுங்குவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய கவளமாக உருட்டி என் வாயில் ஊட்டிவிட்டார். அதற்குக் குர்ஷா என்று பேர், அன்பின் அடையாளம். துப்பவா முடியும்? கண்ணில் நீர் வர முழுங்கினேன். காரம் என்று நினைத்துச் சிரித்தார்கள். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி எழுந்து, அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்த பிஸ்கட்டைத் தின்றேன்.

அதைத் தோசை என்று நினைப்பதை நிறுத்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பிறகு ஒரு நாள் அவர் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெஃப் என்கிற தானியம், கசகசாவைவிடப் பொடிசு. மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். அகலமான மண்கல்லில் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மூடி போடுகிறார்கள். நம்ம ஆப்பம் மாதிரி, திருப்பிப் போடுவதில்லை. மேலே பொத்துப் பொத்தென்று கண்கள் விழும். அவர்களும் அதைக் கண் என்றுதான் சொல்கிறார்கள். குழம்பு அந்தக் கண்களில் இறங்கி ஊறும். குழம்பில் போடும் பெர்பெரே என்கிற மிளகாய் மசாலாவின் காரத்துக்கு அந்தப் புளிப்பு இருந்தால்தான் சரிப்படும். அது தெரிந்த பிறகு வாரத்துக்கு நாலு நாள் இஞ்சிராதான்.

காபியில் மட்டும் எனக்குப் பிரச்சினையே வரவில்லை, கும்பகோணத்துக்காரன் இல்லையா! பச்சைக் கொட்டையை நம் கண்முன்னால் வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள். நாம் கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வது போல அந்தப் புகையைக் கையால் முகத்துக்கு வாரிக்கொள்ள வேண்டும். அதே தூளில் மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெகா. பால் கிடையாது. முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதை இல்லை.

இன்னொன்று. அந்த ஊர்ச் சந்தையில் ஒரு மூட்டையில் கேழ்வரகைப் பார்த்தேன். அங்கே தகுசா என்கிறார்கள், உள்ளூர் பீருக்குப் போடுவார்களாம். அந்தத் தானியமே ஆப்பிரிக்காவின் கிழக்கு மலைநாட்டிலிருந்துதான் நம்மிடம் வந்தது என்று பிறகு படித்தேன். கூழ் குடித்து வளர்ந்த நான் அங்கே போய் அந்நியச் சாப்பாடு என்று மூக்கைப் பிடித்தேன், பார்!

நாட்டோவுக்கு வருவோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வெறுமனே சாப்பிடாதே. டப்பாவோடு வரும் கடுகையும் சாஸையும் விட்டு, நூல் நூலாக இழுக்கும் வரை குச்சியால் கலக்கு. சூடான சோற்றின்மேல் கொஞ்சமாகப் போடு. வழவழப்புதான் பிடிக்கவில்லை என்று சொல்லாதே. வெண்டைக்காய்ப் பச்சடியை வழித்துத் தின்றவள் நீ. அங்கேயும் வெண்டைக்காயை வேகவைத்து நாட்டோவில் கலக்கிறார்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. ஒசாகாப் பக்கத்து ஜப்பான்காரர்களிலேயே அதைத் தொடாதவர்கள் நிறைய உண்டு.

வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க நான் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன் அல்லவா, அதோடு நாட்டோ ஆகவே ஆகாது. அதில் வைட்டமின் கே அதிகம், மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் அடுத்த வருஷம் உன்னைப் பார்க்க வந்தாலும் எனக்கு அது கிடையாது. நீதான் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். 'நாற்றம்' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் விவரமாக எழுது.

திறக்கும்போது வீடியோ காலில் கூப்பிடு. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாளாம்.

அப்பா