பேத்தியைப் பாலே நடன வகுப்பில் சேர்ப்பது பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலே வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் மனம் ஆறியது. இங்கு எல்லோரும் நலம். மழை ஓய்ந்தபாடில்லை என்பதைத் தவிரச் சொல்லும்படியான புதினம் எதுவும் இல்லை. ஆகவே நீ கேட்ட விடயத்துக்கே வந்துவிடுகிறேன்.

பேத்தி பாலே படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், மகளும் மருமகனும் சம்மதித்துவிட்டார்கள், உனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, "நீ ஆடியவள், நீயே சொல்" என்று எழுதியிருக்கிறாய். உன் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள் தந்திருக்கிறாய். பரதம் இருக்க அந்நியக் கலை எதற்கு என்பது ஒன்று. அது பிள்ளையின் உடலைக் கெடுத்துவிடும் என்பது மற்றது. முதலாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும்.

அந்நியம் என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததுதான் எனக்கு வியப்பு. ருக்மிணி தேவி முதலில் பயின்றது பாலே என்பதையும், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குக் கற்பித்தார் என்பதையும், சொந்த மண்ணின் கலையைத் தேடிப் போகும்படி அவரைத் தூண்டியவர் பாவ்லோவாவே என்பதையும் கலாக்ஷேத்திராவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்குச் சொல்லித்தந்தவளே நீதான். 1935 இல் ருக்மிணி தேவி, இன்று பரதம் எனப்படும் சதிராட்டத்தை அடையாற்றில் மேடையேற்றினார். அடுத்த ஆண்டு நீ படித்த கலாக்ஷேத்திரா பிறந்தது. அதற்கும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1838 இல், கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் பாரிஸ் வரை போய் ஆடியிருக்கிறார்கள். அவர்களில் அம்மணி என்பவரின் ஆட்டத்தில் மயங்கிப் பத்திரிகையில் எழுதிய தியோபில் கோத்தியே என்ற கவிஞர்தான், மூன்று ஆண்டுகளின் பின் 'ஜிசெல்' என்ற பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போதும் நேர்மையாக நடந்தது என்றும் நான் சொல்லவில்லை. 1877 இல் பெத்திபா என்ற நடன அமைப்பாளர் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றிய 'லா பயதேர்' என்ற பாலே ஒரு கோயில் நாட்டியப் பெண்ணின் கதை. ஆனால் அதில் ஓர் அடவும் இல்லை, அபிநயமும் இல்லை, இந்தியா என்பது உடுப்பில் மட்டுமே இருக்கிறது. இருந்தாலும், அதன் நிழல்கள் காட்சியில் வெள்ளை உடுத்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி சரிவில் இறங்கி வருவதைக் காணும்போது, சண்டை பிடிக்க வைத்திருந்த வாதங்கள் எல்லாம் எனக்கு மறந்துபோகின்றன. நமக்குப் பக்கத்திலேயே சித்திரசேனவும் வஜிராவும் கண்டிய நடனத்தை மேடைக்குரிய கலையாக வளர்த்தெடுத்தார்கள். அதன் அடிப்படை நிலையான மண்டியவும், உன் அரைமண்டியும், என் பிளியேயும் முழங்காலை மடித்து வெளிப்பக்கம் திறப்பதில்தான் தொடங்குகின்றன. பிள்ளை எந்தக் கதவால் உள்ளே போனாலும் எனக்குக் கவலையில்லை. உள்ளே அவளை யார், எப்படிக் கையாளப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி உடலின் விடயம். பாலேயின் அத்திவாரம் கால்களை இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பி நிற்பது. பாதங்களின் ஐந்து நிலைகளை 17 ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயி மன்னனின் அரசவையில் நடனம் கற்பித்த பியேர் பொஷான் வகுத்தார் என்பார்கள். அது வெறும் அரண்மனை அலங்காரம் அல்ல. தொடையை வெளியே திருப்பும்போது தொடையெலும்பின் மேற்புடைப்பு இடுப்பெலும்பில் முட்டாமல் விலகிக்கொள்வதால், காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்க முடிகிறது. ஆனால் அந்தத் திருப்பம் ஒருவருக்கு எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பயிற்சி அல்ல. தொடையெலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது, இடுப்புக் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது, மூட்டின் முன்புறத் தசைநார் எவ்வளவு இறுக்கமானது என்பவை பிள்ளை வகுப்புக்கு வரும்போதே கூட வருகின்றன. இருக்கிற திருப்பத்தை முழுமையாகப் பயன்படுத்தும் பலத்தைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும். எலும்பை அது மாற்றாது. இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அளவுக்கு இடுப்பு மட்டுமே திறந்துகொடுப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பாதத்தைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோட்டை எட்டுகிறார்கள்; அப்போது முழங்கால் முறுகுகிறது, பாதத்தின் உள்வளைவு சரிகிறது.

சிறுமியாக நான் போன வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. எங்களைக் குப்புறப் படுக்கவைத்து, தவளையைப் போல முழங்கால்களை விரிக்கச் சொல்லி, மேலே தூக்கி நிற்கும் இடுப்பை ஆசிரியை கையால் அழுத்துவார். என் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் இடுப்பு தரையைத் தொட்டுவிடும்; அவள் கெட்டிக்காரி, நான் சோம்பேறி. பிற்காலத்தில் லண்டனில், இடுப்பு நோவுக்காகப் போன இடத்தில், ஓர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பி அளந்தார். உன் இடுப்பில் இருப்பது இவ்வளவுதான், மீதியை இத்தனை காலமும் முழங்காலிடம் கடன் வாங்கி ஆடியிருக்கிறாய் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பயிற்சி கடினமாக இருந்ததற்காக அல்ல. கடினம் இல்லாமல் எந்தக் கலையும் வராது என்பதை நீயும் நானும் அறிவோம். உடலின் எல்லையை என் குணத்தின் குறையாக எனக்குப் பெயர் வைத்துத் தந்தார்களே, அதற்காகத்தான். அந்த அளவெடுப்புக்கு ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. ஒன்பது வயதில் அதை யாராவது செய்திருந்தால் நான் ஆடாமல் விட்டிருக்க மாட்டேன். வேறு விதமாக ஆடியிருப்பேன்.

உன் முழங்காலுக்கு நடனம்தான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை என எழுதியிருந்தாய், நானும் சொல்லவில்லை. ஆனால் சீமெந்துத் தரையில், அரைமண்டியில் இருந்தபடி, மூன்றாம் காலம் வரை தட்டடவு செய்த உன் வகுப்பில், "இன்னும் இரு, இன்னும் இரு" என்று தாளம் போடும் தட்டுக்கழியின் சத்தத்தோடு சேர்ந்து கேட்ட ஆசிரியரின் குரல் எனக்கும் நினைவிருக்கிறது. ஆகவே, "பரதம் என்றால் பயமில்லை" என்று நீ எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேத்தி மனதில் வைத்திருப்பது, விரல் நுனியில் நின்று ஆடப் போடும் நுனிவிரல் சப்பாத்தாகத்தான் இருக்கும். எல்லாச் சிறுமிகளும் அதற்காகத்தான் வருகிறார்கள். அதற்குள் மரமோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விரல்களைத் தாங்கும் அந்தக் கூடு, சாக்குத்துணியும் கடதாசியும் பசையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியது. மேலே சாட்டின் துணி. கொழும்பின் ஈரக்காற்றில் அந்தப் பசை இளகிவிடும் என்பதால், வகுப்பு முடிந்து வந்ததும் சப்பாத்தை மின்விசிறியின் கீழே காயவைப்பேன். புதுச் சோடி வந்தால் அதைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து நசுக்கி, அடித்தட்டை வளைத்து, நாடாவையும் இழுபட்டியையும் நானே தைப்பேன். லண்டனிலிருந்து காசு கொடுத்து எடுப்பித்த சாமானை வந்த அன்றே உடைக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஆடுமுன் குங்கிலியத் தூள் கிடக்கும் பெட்டிக்குள் ஏறி மிதிக்கும்போது நெறுநெறு என்று ஒரு சத்தம் வரும். இன்றும் யாராவது கல் உப்பை மிதித்தால் என் கணுக்கால் தானாக நிமிர்ந்துகொள்கிறது.

சில ஆண்டுகளாவது முறையாகப் படித்து, பதினொன்று பன்னிரண்டு வயதை எட்டி, வெறுங்காலோடு ஒற்றைக் காலில் உயர்ந்து ஆடாமல் அசையாமல் நிற்கும் பலம் வந்த பிறகே அந்தச் சப்பாத்து காலில் ஏற வேண்டும். பாத எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. வருட இறுதிக் கலைவிழாவில் தாய் தகப்பன் மகிழ வேண்டும் என்பதற்காக எட்டு வயதில் அதை மாட்டிவிடும் ஆசிரியரிடமிருந்து பிள்ளையை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு.

சாப்பாட்டு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல். நான் ஆடிய குழுவில் மாதவிலக்கு நின்றுபோவதை யாரும் நோயாகக் கருதவில்லை. கட்டுப்பாட்டின் அடையாளம் என்று உள்ளூரப் பெருமைப்பட்டவர்களும் இருந்தார்கள். போதிய உணவில்லாமல் உழைக்கும் உடலில் மாதவிலக்கு நிற்பதும், எலும்பு மெலிவதும், பாதத்தில் நுண்முறிவு வருவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று மருத்துவர்கள் 1990களில் திட்டவட்டமாகச் சொல்லத் தொடங்கியபோது நான் ஏற்கெனவே மேடையை விட்டுவிட்டிருந்தேன். பிள்ளைகளை நிறுக்கும் தராசு அந்த வகுப்பில் இருந்தால், வேறு வகுப்புப் பார்.

இன்னொன்று, பேத்தி நம் நிறம் என்பதால் சொல்கிறேன். வெண்ணிறக் காட்சிகளுக்காக எங்கள் கழுத்துக்கும் கைகளுக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசுவார்கள். எல்லோரும் ஒருத்தி போலத் தோன்ற வேண்டுமாம். காலின் கோடு சப்பாத்து நுனி வரை தொடர வேண்டும் என்பதற்காகவே சப்பாத்துக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் என்று கற்பித்தார்கள், ஆனால் என் கோடு கணுக்காலோடு முறிந்து நின்றது. கறுத்த, மாநிறப் பெண்கள் முகப்பூச்சைத் தங்கள் சப்பாத்தில் தேய்த்து நிறம் சேர்த்தார்கள். லண்டனின் ஃபிரீட் நிறுவனம் கபில நிறங்களில் நுனிவிரல் சப்பாத்துகளைக் கொண்டுவந்தது 2018 இல்தான். உன் பேத்திக்கு அந்தத் தேய்ப்பு வேலை இருக்காது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஏன் சேர் என்கிறேன் என்று கேட்பாய். நாள்தோறும் நடக்கும் அந்த வகுப்புக்காகத்தான். அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. நேற்று மாலை கைதட்டல் வாங்கிய முதன்மை நடனக்காரியும், காலையில் மரக்கம்பைப் பிடித்துக்கொண்டு, முதலாம் வகுப்புப் பிள்ளை தொடங்கும் அதே பிளியேயில்தான் தொடங்க வேண்டும். பிறகு பாதத்தைத் தரையோடு வழித்து நீட்டுவது, பிறகு வட்டம், பிறகுதான் நடுத்தரைக்கு வந்து சுழல்வதும் பாய்வதும். ஆசிரியர் பெயர் சொல்லித் திருத்தினால் அது அவமானம் அல்ல, உன்னைக் கவனித்தார் என்பதற்குச் சாட்சி. பரீட்சைக்கு லண்டனிலிருந்து வரும் அந்த அம்மாவும், கொழும்பு லயனல் வென்ட் அரங்கின் மேடையும் அந்த வயதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. இப்போது கனவில் வருவது அந்தக் காலை வகுப்பும், பியானோவின் முதல் நாலு தட்டும் மட்டுமே. முப்பது வயது தாண்டி இடுப்பு கைவிட்டபோது, மேடை போனதைவிட, காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாக இருந்தது.

அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமைகளில் இங்கே ஒரு மண்டபத்தில் வயதான பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். மரக்கம்புக்குப் பதில் கதிரையின் முதுகு. பிளாஸ்டிக் கதிரை சறுக்கும் என்பதால் பாரமான மரக்கதிரைதான் வேண்டும் என்று மண்டபப் பொறுப்பாளரோடு வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. பிளியே, குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல், இவ்வளவுதான். விழுந்து இடுப்பு முறியும் வயதில் அவர்களுக்குத் தேவையானதும் இவ்வளவுதான். முதல் நாள் ஓர் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிள்ளை, இது டான்ஸா, எக்சசைஸா?" என்று கேட்டார். இரண்டும்தான் அம்மா என்றேன். அப்படியென்றால் பாட்டைப் போடு என்றார். கைவசம் பியானோ இசை இல்லாதபடியால் அன்று ஆதி தாளத்தில் ஒரு தில்லானாவுக்கு நாங்கள் எல்லோரும் பிளியே செய்தோம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், அல்லது தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பாய்.

பேத்தியின் வகுப்புக்கு ஒருநாள் நீயும் கூடப் போ. ஆசிரியர் பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்துத் திருத்துகிறாரா, முழங்காலையும் இடுப்பையும் பார்த்துத் திருத்துகிறாரா என்று கவனி. முழங்கால் பாதத்தின் விரல்களுக்கு மேலே நேராக மடிகிறதா என்பது உன் கண்ணுக்குத் தப்பாது. அதை நீயும் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இடைவேளையில் யாரும் பார்க்காத நேரம் தரையைக் குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார். கீழே வெற்றிடம் விட்டுப் பலகை அடித்த தரையா, சீமெந்தின் மேல் ஒட்டிய வெறும் விரிப்பா என்று எனக்கு எழுது. பாய்ந்து இறங்கும் பிள்ளைகளுக்கு அதுவே பாதி ஆசிரியர். முழங்கால் முழுவதும் ஆறிய பிறகு தட்டினால் போதும்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லு.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி