விதை உளுந்தும் வண்டு மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நிற்கும் பயிரிலேயே தெளித்த உளுந்தைப் பங்குனியில் பறித்து அடித்து, அதில் ஒரு பகுதியை அடுத்த தை வரை விதைக்கென ஒதுக்கி வைப்பது டெல்டா விவசாயிகளின் வழக்கம். அந்தப் பத்து மாத இடைவெளிதான் பயறு வண்டுக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

இவ்வாண்டு ஆடியில் என் வீட்டுச் சாக்கு ஒன்றின் அடியில் மாவு கொட்டிக் கிடந்தது. உள்ளே கையை விட்டால் நடுவில் வெதுவெதுப்பு; அள்ளிய பிடியில் பாதிப் பயறில் வட்டத் துளை, மீதியில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டை. பூச்சிமருந்துக் கடையில் சொன்னதும், ஒரு கேள்வியும் கேட்காமல் நான்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து நீட்டினார்கள். நான் வாங்காமல் திரும்பினேன்.

அரசு நிறுவனங்களும் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களும் நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டிய மருந்து அது. 10, 20 மாத்திரைகள் கொண்ட சிறு குழல்களையே மத்திய அரசு 2001-இல் தடை செய்துவிட்டது. காற்றின் ஈரம் பட்டதும் 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் என்னும் நச்சு வாயு வெளிவரும். அதற்கு முறிமருந்து கிடையாது. காற்றுப் புகாத உறையின்றிச் சணல் சாக்குக்குள் போட்டால், மூட்டை அடுக்கிய அறையைத் தாண்டி, பிள்ளைகள் படுத்திருக்கும் கூடத்துக்கும் அது பரவும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வேறெதுவும் எங்கள் கைக்கு எட்டுவதில்லை. காய் முற்றும்போதே வயலில் வண்டு முட்டையிட்டுவிடுவதால், களத்திலிருந்து வரும் பயறிலேயே அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உண்பதற்கானதை உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டு அவ்வளவாக அண்டாது என்று என் தாயார் சொல்வார், அது சரிதான். விதையை உடைக்க முடியாதே! கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய, பயறு வண்டுக்கான பொறியைச் சாக்குக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி நகரும் வண்டுகள் அதன் துளைகள் வழியே உள்ளே விழுந்து, மாவு கொட்டும் முன்பே தம் இருப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். பயறில் ஒட்டிய முட்டைகளை நசுக்கும் கருவியையும் அவர்களே வடிவமைத்திருக்கிறார்கள். 100 கிலோ விதைக்கு 1 கிலோ பதப்படுத்திய கயோலின் களிமண்தூள் கலப்பதும் அவர்களின் பரிந்துரைதான். எங்கள் ஊரில் இவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

விதை உளுந்து வழங்கும் வேளாண் விரிவாக்க மையங்களிலேயே, பங்குனிக்கு முன்னதாக, இந்தப் பொறியும் களிமண்தூளும் மானிய விலையில் கிடைக்கவும், மாத்திரைகளின் சில்லறை விற்பனையை அதிகாரிகள் கடைகளில் நேரில் ஆய்வு செய்யவும் வேளாண்துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறு விவசாயி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.