அரைப்புள்ளியைக் காட்டுங்கள்: யு-கி-ஓ போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடுவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் யு-கி-ஓ என்ற அட்டை விளையாட்டின் ஒரு போட்டியில் என் பக்கத்து மேசையில் ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். ஓர் அட்டையை அழிக்கும் ‘ரைகேகி பிரேக்’ அட்டையை இயக்கி, அதற்காகக் கையிலிருந்த ‘கோல்டு’ என்ற டார்க் வேர்ல்டு வகை மான்ஸ்டர் அட்டையைக் கழித்த அட்டைகளின் குவியலில் எறிந்தான். எதிராளியின் அட்டை அழிந்ததும் கோல்டை எடுத்துக் களத்தில் வைத்தான். எறிந்தால் எழுந்து வரும் அட்டை அல்லவா அது! நடுவர் வந்தார். “இல்லை தம்பி, அது காஸ்ட்” என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு சரி. ஆனால் அந்தப் பிள்ளை அட்டையை முகத்தருகே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தான். நடுவர் சொன்ன சொல் அதில் எங்கும் இல்லை. பிறகு ஒன்றும் கேட்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தான். அவன் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காஸ்ட், அதாவது விலை, எங்கே முடிகிறது என்பதை அட்டையில் சொல்வது ஓர் அரைப்புள்ளி (;). 2011-இல், இந்த விளையாட்டை வெளியிடும் கொனாமி நிறுவனம் ஆங்கில அட்டைகளின் வாசகத்தைச் சீர்ப்படுத்தியது. அதன்படி முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் இருப்பது நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது, இயக்கும்போதே செய்துமுடிக்க வேண்டியது: விலை கொடுப்பது, குறிவைப்பது. அதற்குப் பின்னால் வருவதே விளைவு. ரைகேகி பிரேக்கில் எறிவது அரைப்புள்ளிக்கு முன்னால் இருக்கிறது. கோல்டோ, ஓர் அட்டையின் விளைவால் எறியப்பட்டால் மட்டுமே எழும். ‘டார்க் வேர்ல்டு டீலிங்ஸ்’ அட்டையில் இருவரும் ஓர் அட்டை எடுப்பதும், பிறகு ஒன்றை எறிவதும் முழுக்க விளைவு. அங்கே எறிந்திருந்தால் கோல்டு வந்திருக்கும்.

பெரியவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். ‘சாலம் ஜட்ஜ்மென்ட்’ என்ற அட்டையை இயக்கினால், இயக்கியவரின் உயிர்ப்புள்ளியில் பாதி விலையாகப் போகும். 8000 இருந்தால் 4000. எதிராளி அதை முறியடித்துவிட்டாலும் அந்த 4000 திரும்பாது. முறிந்தது விளைவு, விலை அல்ல.

தமிழில் விளக்கும்போது நாம் “ஒன்றை எறிந்து இன்னொன்றை அழி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அரைப்புள்ளி அங்கேயே காணாமல் போகிறது. ஜப்பானிய அட்டைகளில் அந்தக் குறி கிடையாது. “எறிந்து இயக்கலாம்” என்ற வினையெச்சமே விலையைக் காட்டிக்கொடுக்கிறது. நம் மொழிக்கு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள்! “ஓர் அட்டையை எறிந்து, ஒன்றைக் குறிவைத்து இயக்கு. விளைவு: குறிவைத்ததை அழி.” இப்படிச் சொன்னால் அந்தச் சிறுவனுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. தீர்ப்போடு, அது அட்டையின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். 2011-க்கு முந்தைய அச்சாக இருந்தால் அதில் இந்த ஒழுங்கு இருக்காது. அதிகாரபூர்வத் தரவுத்தளத்திலுள்ள இன்றைய வாசகத்தைக் கைப்பேசியில் திறந்து நீட்டுங்கள். ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை அவர்களுடைய ஆட்ட நேரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பக்கத்து மேசையில் ஆடியவன்