முதலில் அந்தக் கிணற்றைத் திற

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை அம்மாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, சணல் பை நாலு விதம், தேங்காய் நார் ஸ்க்ரப்பர், மளிகைச் சாமான் போட்டு வைக்கக் கண்ணாடி ஜாடி இரண்டு டஜன். "சொந்த வீடு வந்தாச்சு, இனிமேல் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் குடும்பம் நடத்தப் போகிறோம், இன்னும் என்னப்பா வாங்கலாம்?" என்று கேட்டிருந்தாய். நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை வாங்காமல் விடு. இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்கள் உடைகிறவரை உழைக்கட்டும். மஞ்சப்பைக்கும் உனக்குப் பஞ்சமில்லை, கல்யாண வீடுகளில் வாங்கிச் சேர்த்ததை அம்மா ஒரு மூட்டையாகக் கட்டி உன்னிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்த ஆள் நான். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் கரண்ட் வீணாகிறது என்று வெள்ளை அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பில் எகிறினால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார், பிள்ளைகள் ஓடி ஓடி ஃபேனை நிறுத்துவார்கள், அடுத்த ரீடிங் குறையும். அதற்கடுத்த ரீடிங் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். குறைந்தது குறைந்தபடியே நின்ற வீடுகளில் விசாரித்தால் யாரும் திருந்தியிருக்க மாட்டார்கள். பழைய மோட்டாரை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் மேற்குச் சுவர் பக்கம் ஒரு மரம் வளர்ந்திருக்கும். அதனால் என் கட்சி இதுதான்: தினமும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டியதை நம்பாதே. ஒரு தடவை ஆள் வைத்துச் செய்துவிட்டால், நீ மறந்தாலும் நடக்கிற காரியங்களை முதலில் முடி. வாடகை வீட்டில் இதற்கெல்லாம் வழியில்லை. இப்போது கூரையும் மண்ணும் உன்னுடையவை.

முதல் வேலை, கொல்லையில் சிலாப் போட்டு மூடிக் கிடக்கும் கிணறு. வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் "இதைத் தூர்த்துட்டா இன்னொரு ரூம் எடுக்கலாம் சார்" என்றார், மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். தயவுசெய்து தூர்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல். குரோம்பேட்டையில் இன்று புதிதாக ஒரு கிணறு வெட்ட என்ன செலவாகும் என்று விசாரித்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

2003இல் தமிழ்நாட்டில் பழைய வீடு, புது வீடு எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உன் வீட்டிலும் அப்போது போட்ட குழாய் ஒன்று மாடியிலிருந்து இறங்கி, தரையில் ஒரு சிமென்ட் மூடிக்குள் போகிறது. அந்த மூடியைத் தூக்கிப் பார்த்தேன். குழி முழுக்க வண்டல், அதற்கு மேல் பால் கவர்கள். ஒரு சொட்டு இறங்காது. பாதி ஊரில் இதே கதைதான். அதிகாரி வந்து பார்ப்பதற்காகக் கட்டியது, அப்புறம் யாரும் திறக்கவே இல்லை.

கணக்கைப் பார். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷ மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர் வருகிறது. தெறித்தது, ஆவியானது எல்லாம் போனாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி என்று வைத்தால் எட்டு லாரித் தண்ணீர். இத்தனையும் இப்போது கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்களே, அப்போது நீ வேளச்சேரியில் குடத்தோடு லாரிக்கு நின்றாய். 2015 டிசம்பரில் அதே வேளச்சேரியில் கழுத்தளவு வெள்ளம். ஒரே ஊர்தான், நாலு வருஷம்கூட இடைவெளி இல்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சிலாப்பை எடுத்துவிட்டுச் சில நாள் கிணற்றைத் திறந்தே போடு, பையன் பக்கத்தில் போகாதபடி சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு. மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று தேங்கியிருக்கும். ஆழம் பார்க்கிறேன் என்று யாரையும் இறங்க விடாதே. தூர் வாருவதையே தொழிலாகச் செய்கிறவர்களைக் கூப்பிடு; காற்று ஊதுகிற பிளோயரும் இடுப்புக் கயிறும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. தூர் வாரிய பிறகு, மாடிக் குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பி, நடுவில் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டச் சொல். அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, மேலே மணல். தொட்டிக்கு முன்னால் குழாயில் ஒரு வால்வு இருக்கட்டும். சீசனின் முதல் மழை மாடி அழுக்கையும் காக்கை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டு அப்புறம் திருப்பினால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால், மணலை அலசிப் போட வேண்டும். கிணற்று வாய்க்குக் கண்ணி நெருக்கமான கொசுவலை அடித்துவிடு. சென்னையில் மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டை போடும். மேலே இருக்கிற தொட்டி மூடியும் உடைந்திருக்கிறது, அதையும் மாற்று.

இரண்டாவது, முற்றம். கார் நிறுத்த முன்பக்கம் முழுக்கக் கல் பதிக்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். சக்கரம் போகிற இரண்டு தடத்துக்கு மட்டும் பதித்தால் போதாதா? மிச்சம் மண்ணாகவே இருக்கட்டும். மண் என்றால் பாம்பு வரும், சகதி ஆகும் என்று உன் மாமியார் பயப்படுவார், அது தெரியும். புல்லைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால் பாம்பு ஏன் வரப்போகிறது? சிமென்ட் போட்டால் பெய்கிற மழை அத்தனையும் ரோட்டுக்கு ஓடும், பகலில் வாங்கின சூட்டை ராத்திரி உன் படுக்கையறை ஜன்னலுக்குள் தள்ளும். மேற்குப் பக்கம் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி ஒரு புங்கை வை. முருங்கை வேண்டாம், காற்றடித்தால் ஒடியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி. அம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, கீரைக்கு என்ன செய்வாள் என்கிறாள். நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

குளியலறையிலிருந்தும் வாஷிங் மெஷினிலிருந்தும் வருகிற தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் கொல்லையில் ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். பாத்தியின் தலைமாட்டில் நாலைந்து கல்வாழை நட்டால் சோப்புத் தண்ணீரை அது தாங்கும். சமையலறைத் தண்ணீரை இதோடு சேர்க்காதே, எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைத்து நாற்றம் எடுக்கும். இந்தத் தண்ணீர் எதுவும் கிணற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, பாத்தி கிணற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ ஆகும். கிணற்றுத் தண்ணீர் இனித்துவிட்டால் அந்த மெஷினே வேண்டியிருக்காது. எதற்கும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன், இது என் பேட்டை. உன் வீட்டில் நாலு சீலிங் ஃபேன், எல்லாம் பழைய ஓனர் விட்டுப்போனவை. ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத புது மாதிரி மோட்டார் வைத்தது, 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நம் ஊரில் ஃபேன் நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது ஓடும். 45 வாட் மிச்சம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட், நாலுக்கு 160. விளக்கை அணைத்து அணைத்து நீ மிச்சம் பிடிக்கிறதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, எல்.இ.டி. பல்பு ஒன்பது வாட்தான், அதற்காகப் பையனைத் திட்டாதே. இப்போதைய கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101லிருந்து 200 வரை இருக்கிற சலுகையும் சேர்ந்து போய்விடும். 510 வந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அந்த 160 யூனிட் உன்னை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்திருக்கும்.

ஏ.சி.யை நிறுத்து என்று சொல்லமாட்டேன், சித்திரையில் குரோம்பேட்டையில் படுத்துப் பார்த்தவன் நான். ஆனால் 18இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது என்ன பழக்கம்? ஒரு டிகிரி ஏற்றினால் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம். 26இல் வைத்து மேலே ஃபேனை ஓட்டினால் தூக்கம் கெடாது. அதைவிட, மாடித் தளத்துக்கு வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடி. உங்கள் மாடி தட்டோடு பதித்தது, பரவாயில்லை, ஆனால் கறுத்துப் போயிருக்கிறது. பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கோடைக்கு முன்னால் இரண்டு கோட் அடித்தால் மேல் அறைக்குள் நுழைந்ததுமே வித்தியாசம் தெரியும். மழைத் தண்ணீர் கிணற்றுக்குப் போகப் போவதால் பெயின்டில் என்ன கலந்திருக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கு.

மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஆட்டோமேட்டிக் சுவிட்ச் ஒன்று போட்டுவிடு. அதோடு குழாயில் எங்காவது கசிகிறதா என்றும் பார்த்துவிடு. நான் ரீடிங் எடுத்த ஒரு வீட்டில் காரணமே தெரியாமல் யூனிட் ஏறிக்கொண்டிருந்தது. மீட்டரில் கோளாறு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அந்த அம்மா பிடிவாதம் பிடித்தார். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய் போகிற வழியில் நடந்தேன். பூந்தொட்டிகளுக்கு அடியில் தரை ஓர் இடத்தில் மட்டும் ஈரம். உள்ளே குழாய் வெடித்து, ஏற்றுகிற தண்ணீரில் பாதி மண்ணுக்குள் போக, மோட்டார் நாளைக்கு மூன்று தடவை ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் கசிவைத் தேடப் போனால் பாதி வீட்டில் தண்ணீர்க் கசிவுதான் அகப்படும்.

குப்பை. ஆபீஸுக்கு ரேடியல் ரோடு வழியாகத்தானே போகிறாய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்திருப்பாய். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலையும் அங்கே நடந்தது. உங்கள் தெருக் குப்பை வேறெங்கோ போகலாம், போகிற இடம் இதே மாதிரிதான் இருக்கும். வீட்டுக் குப்பையில் பாதி காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். ஓட்டை போட்ட டிரம் இரண்டு வாங்கு, இது மட்டும் வாங்கலாம். ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலை, புளித்த மோர் கொஞ்சம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இலையோ தென்னை நார்க்கழிவோ இன்னும் போடு. ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போ, இரண்டு மாதத்தில் முதலாவது எருவாகிவிடும். இது ஒன்றுதான் தினமும் கை வைக்க வேண்டிய வேலை. அதனால்தான் கடைசியில் சொல்கிறேன், முடியாவிட்டால் விட்டுவிடு, மக்குகிறது மக்காதது என்று பிரித்துக் கொடுத்தாலே போதும்.

சோலார் பற்றிக் கேட்டிருந்தாய். மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். ஆனால் இப்போது போடாதே. முதலில் ஃபேனை மாற்று, மாடிக்கு வெள்ளை அடி, ஒரு கோடையை ஓட்டு. அப்புறம் தேவை எவ்வளவு என்று பார்த்தால் இரண்டு கிலோவாட்டே போதும் என்று வரலாம். விற்க வருகிறவர் ஐந்து என்றுதான் சொல்வார்.

கிணற்று வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், ஆவணிக்குள் சொல்லி வை. மழை தொடங்கிவிட்டால் வரமாட்டார்கள். பழைய ஓனர் காலத்திலிருந்து இரண்டு வருஷத்து ரீடிங்கைப் பார்த்து எழுதி அனுப்பு, இங்கே உட்கார்ந்தே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அம்மா கறிவேப்பிலைக் கன்று ஒன்று பதியம் போட்டு வைத்திருக்கிறாள். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் காலையில் போய் வாங்கிக்கொள்ள மாப்பிள்ளைக்குத் தோதுப்படுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா