ஐந்து வயதுத் தடுப்பூசி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுங்கள். கக்குவான் இருமல், ரணஜன்னி, தொண்டை அடைப்பான் மூன்றையும் தடுப்பது முத்தடுப்பூசி. 5 முதல் 6 வயதுக்குள் போடவேண்டிய அதன் இரண்டாவது ஊக்க ஊசிக்கு நேரே தேதி எழுதியிருக்கிறதா?

எளிதில் விட்டுப்போகும் ஊசி இது. ஒன்றரை வயது ஊசிக்குப் பின் மூன்றரை ஆண்டு இடைவெளி. அதற்குள் அட்டை பீரோவின் அடியில் போய்விடும். பிறந்தபோது பதிந்த செல்பேசி எண் மாறியிருந்தால் குறுஞ்செய்தியும் வந்து சேராது. குழந்தையில் போட்ட ஊசியின் பலம் ஆண்டுகள் போகப் போகக் குறையும். 7 வயது கடந்துவிட்டால் முத்தடுப்பூசி கிடையாது. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசிதான் போடுவார்கள். அதில் கக்குவான் இருமலுக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே இவ்வாண்டு பள்ளியே நினைவூட்டும். பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பின்படி, நினைவூட்டினால் 100 பேரில் ஏறத்தாழ 8 பேர் கூடுதலாக ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அஞ்சலட்டை 50 பைசா. 100 வீட்டுக்கு 50 ரூபாய். அந்த 8 பிள்ளைகள் வந்தால், ஆளுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம்தான் ஆகிறது. தொலைபேசியில் பேசுவதற்குப் பலன் அதிகம், ஆனால் வீட்டுக்கு 5 நிமிடம் என்றாலும் 100 வீட்டுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். ஓர் ஆசிரியரின் முழு நாள் போய்விடும். அதனால் முதலில் நாட்குறிப்பில் சீட்டு ஒட்டுவோம். இரண்டு வாரத்தில் பதில் இல்லாத வீட்டுக்கு அஞ்சலட்டை வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் மட்டும் அழைப்போம். ஏற்கெனவே போட்டவர்களுக்கும் அனுப்பினால் காசு வீண், அடுத்த சீட்டையும் யாரும் படிக்கமாட்டார்கள். போட்டவர்கள் யார் என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கே நிற்கும்.

எனவே வெள்ளிக்கிழமைக்குள் அட்டையின் நகலையும், இப்போது பயன்படுத்தும் எண்ணையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அப்பா வெளியூரில் வேலை பார்த்தால், பிள்ளையோடு வீட்டில் இருப்பவரின் எண் வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் கிராம சுகாதார செவிலியர் தம் பதிவேட்டில் பார்த்துச் சொல்வார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் ஊசி இலவசம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று இரவு காய்ச்சலும் கைவலியும் வரலாம். செவிலியர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். மறுநாள் பிள்ளை சோர்ந்திருந்தால் விடுப்பு எடுக்கலாம், கடிதம் தேவையில்லை.

ஐந்தாம் வகுப்பில் 10 வயது நிறைந்தவர்களுக்கு டிடி ஊசி உண்டு. அவர்கள் அட்டையையும் இதே நாளில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்