எங்கும் இணைக்காத நீல வயர்

ஸ்காபரோ
22 மே 2025

கராஜ் உரிமையாளர் ஐயாவுக்கு,

விடயம்: மே 10ஆம் திகதி என் பிக்கப்பில் செய்த ரெயிலர் வேலை பற்றிய முறைப்பாடு

வணக்கம். உங்கள் கவுண்டரில் பேசியதெல்லாம் தமிழில்தான். அதனால் முறைப்பாட்டையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

என்னுடையது 2008 ரொயோட்டா ரக்கோமா. ஆறு சிலிண்டர் என்றாலும், ரெயிலர் இழுப்பதற்கான சாமான்கள் இல்லாமல் வந்த வண்டி. கம்பனிக் கணக்குப்படி 3,500 இறாத்தலுக்கு மேல் இழுக்கக்கூடாது. நான் வாங்கிய பழைய காம்பர் ரெயிலர், தண்ணீரும் காஸும் சட்டி பானையும் ஏற்றினால் 3,200 இறாத்தல், அதாவது 1,450 கிலோ வரும். எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில். அதனால்தான் அரைகுறையாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, கியர் ஒயிலுக்குத் தனிக் கூலர், ரெயிலருக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழு முனைப் பிளக், ரெயிலரின் பிறேக்கை இயக்கும் பிறேக் கொன்ரோலர், ரெயிலரைக் கொழுவப் பொருத்தமான ஹிச் குண்டு எல்லாம் எழுதித் தந்தேன். வரியோடு 1,140 டொலர் கட்டினேன். விலையில் எனக்குக் குறையில்லை.

"ரெயிலரையும் கொண்டு வரட்டோ?" என்று அன்றைக்கே கேட்டேன். தேவையில்லை என்றீர்கள்.

வியாழன் இரவு வீட்டு வாசலில் கொழுவிப் பார்த்தேன். ரெயிலரின் பின் லைற், சிக்னல் எல்லாம் எரிந்தன. ஆனால் ஸ்ரியரிங்குக்குக் கீழே நீங்கள் பூட்டிய கொன்ரோலரில், ரெயிலர் இணைந்ததைக் காட்டும் லைற் மட்டும் வரவில்லை. உடனே போன் எடுத்தேன். "ஓடத் தொடங்கினால் வரும் அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றார் அங்கே நின்ற தம்பி. அதை நம்பியது என் பிழை. தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டி, கொன்ரோலரின் கை லீவரை அழுத்திப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை, விக்டோரியா தின நீண்ட வாரயிறுதி. அல்கொன்குயின் பார்க்குக்குப் புறப்பட்டோம். 400ஆம், 11ஆம் இலக்க நெடுஞ்சாலைகளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஹன்ட்ஸ்வில் தாண்டி 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் விசயம் வெளித்தது. அந்தப் பாதை ஏற்றமும் இறக்கமுமாகப் போகும். வசந்த காலத்தில் மூஸ் மான்கள் தெருவோரக் கானில் தேங்கும் உப்புத் தண்ணீரைக் குடிக்க வரும். அவற்றைப் பார்க்கக் கார்கள் சட்டென்று நிற்கும். ஓர் இறக்கத்தின் அடியில் முன்னால் போன கார் அப்படித்தான் நின்றது. நான் பிறேக்கை மிதிக்க, பிக்கப் நிற்கப் பார்க்கிறது, காம்பர் பின்னாலிருந்து தள்ளுகிறது. நான் நின்ற இடத்துக்கும் அந்தக் காரின் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. பிறேக் கருகிய மணம் உள்ளே வந்தது. பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள். மனைவி ஒன்றும் பேசவில்லை. முகாமுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் பேசவில்லை.

அடுத்த நாள் ரெயிலரை முகாமிலேயே விட்டுவிட்டு, பிக்கப்பை மட்டும் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் பிளக்கில் ஒரு சின்ன ரெஸ்ரரைச் செருகினார். எல்லா லைற்றும் எரிந்தது, பிறேக் லைனைத் தவிர. கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பிளக்கில் இருந்து வரும் நீல வயர், அதுதான் ரெயிலர் பிறேக்குக்கான வயர், நுனியில் கறுப்பு ரேப் சுற்றி, சேசியோடு ஒரு பிளாஸ்ரிக் ரையால் கட்டப்பட்டுக் கிடந்தது. கொன்ரோலரில் இருந்து வர வேண்டிய வயரோ டாஷ்போர்ட்டுக்கு அடியிலேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மறந்து விட்டிருந்தால் ரேப் எதற்கு? பிறகு செய்யலாம் என்று ஒருவர் விட, அந்தப் "பிறகு" வரவேயில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹிச் குண்டைக் கண்டதும் அவரே தலையில் கைவைத்தார். காம்பரின் கப்ளர், அதாவது குண்டின் மேல் உட்காரும் கிண்ணம், 2 அங்குலம். நீங்கள் தந்த குண்டின் தலையில் 1-7/8 என்று பொறித்திருக்கிறது, பக்கத்திலேயே 2,000 இறாத்தல் என்றும். மூன்று மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். கப்ளர் மூடும், பூட்டும் விழும். ஆனால் ஒரு பெரிய குழியில் துள்ளினால் கழன்று வரக்கூடும். அப்படிப்பட்ட குண்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறேன்.

ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ரெயிலருக்குச் சொந்த பிறேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வேலையே செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹன்ட்ஸ்வில்லில் வயரை இழுத்து இணைத்து, 2 அங்குலக் குண்டு மாற்ற 212 டொலர் ஆனது. நீல வயர் வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. திரும்பி வரும்போது அதே இறக்கத்தில் ரெயிலர் தானே தன்னைப் பிடித்துக்கொண்டது. கருப்பு ஈக்கள்தான் மூன்று நாளும் எங்களைத் தின்றன. அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002இன்படி, வாகனத் திருத்த வேலைக்கும் புதிய பாகங்களுக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. வண்டி பாதுகாப்பில்லாத நிலையில் உங்களிடம் திருப்பிக் கொண்டு வருவது நியாயமில்லை என்றால், கிட்ட உள்ள கராஜில் செய்வித்து அந்தச் செலவை உங்களிடம் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே அந்த 212 டொலரும், பிளக்குக்கும் கொன்ரோலருக்கும் என்று பில்லில் போட்ட கூலி 240 டொலரும், குண்டின் விலையும் எனக்கு வர வேண்டும். கூலர் குழாயின் கிளிப் ஓரத்தில் இலேசாக ஒயில் கசிகிறது. அதை உத்தரவாதத்தில் சரிசெய்து தாருங்கள். ஆனால் இந்தமுறை செய்கிறவர் யாராக இருந்தாலும், நான் பக்கத்தில் நிற்பேன்.

இரண்டு பில்களின் பிரதியும், நீல வயரின் படங்களும் இணைத்திருக்கிறேன். குண்டு ஒரு பொலித்தீன் பையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதையும் கொண்டு வருகிறேன். ரெயிலரையும் கொழுவிக்கொண்டுதான் வருவேன். போனில் பதில் சொன்ன அந்தத் தம்பியும் அப்போது நிற்பது நல்லது.

இப்படிக்கு,
வெள்ளை ரக்கோமாவின் சொந்தக்காரன்